பெட்டியடியும் பட்டமும்

சிங்கப்பூரின் வணிக நடுவத்தில் 280 மீட்டர் உயரம் எழுந்து நிற்கும் கேப்பிட்டாஸ்பிரிங் மாளிகையின் முகவரி 88, மார்க்கெட் ஸ்திரீட் என்பதாகும். 2021இல் கட்டி முடிக்கப்பட்ட ஐம்பத்தொரு மாடிக் கட்டடம் அது. அதற்கு முன்னர் அவ்விடத்தில், 1984இல் திறக்கப்பெற்று 2017இல் இடிக்கப்பெற்ற கோல்டன் ஷூ கார் நிறுத்தக் கட்டடம் இருந்தது. அதற்கும் முற்பட்ட காலத்தில் அத்தெருவில் வரிசையாக நின்றவை கிட்டங்கிகள். வரைபடத்தில் மார்க்கெட் ஸ்திரீட் என்று எழுதப்பட்ட அத்தெருவைத் தமிழர் செட்டித் தெரு என்றே அழைத்தனர். கோடிக்கணக்கான வெள்ளி கைமாறும் வங்கிகளும் முதலீட்டு நிறுவனங்களும் இன்று சூழ்ந்து நிற்கும் அவ்விடத்தில், கல்லூரி வாயிலையே மிதித்தறியாத இளைஞர் பலர் பணத்தொழிலைக் கற்றுத் தேர்ந்தனர்.

தமிழோ வரலாறோ அறிவியலோ படித்துப் பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர் நிதித்துறையில் நுழைய இயலுமா என்ற கேள்வி, இந்நாளில் பள்ளி மேல்வகுப்புகளிலும் பல்கலைக்கழக விடுதிகளிலும் அடிக்கடி எழுகின்றது. நிதியியல் என்னும் பாடம் பல்கலைக்கழகத்திற்கு வருமுன்னரே நிதித்தொழில் இந்நகரில் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் செழித்திருந்தது. ஆகவே அக்கேள்விக்குரிய விடையின் முற்பகுதியைச் செட்டித் தெருவில் தேடுதலே முறை.

நாட்டுக்கோட்டை நகரத்தார் சிங்கப்பூருக்கு வரத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலாகும். 1859இல் டேங்க் ரோட்டில் அருள்மிகு தெண்டாயுதபாணி கோயிலை எழுப்பும் அளவுக்கு அவர்கள் இங்கே வேரூன்றிவிட்டனர். கிட்டங்கி என்பது நீண்ட கூடத்தைக் கொண்ட கடைவீடு. ஒரே கூடத்தில் பல நிறுவனங்கள் இடம் பிடித்திருக்கும். ஒவ்வொரு நிறுவனத்திற்கும் உரியது சில அடி அகலத் தரையும், சாய்வான மேற்பலகை கொண்ட கணக்குப் பெட்டியும், ஓர் இரும்புப் பெட்டகமுமே. பகலில் வணிகம் நடந்த அவ்விடமே பலருக்கு இரவில் படுக்கையாயிற்று. சீனக் கடைக்காரர், இந்திய வணிகர், அரசு ஊழியர், ரப்பர்த் தோட்டச் சிறுவுடைமையாளர் என்று பலதிறத்தோர் கடன் கேட்டு அங்கே வந்து தரையில் அமர்ந்தனர். ஐரோப்பிய வங்கிகள் திறக்காத கதவு அவர்களுக்கு அங்கே திறந்தது.

அப்பெட்டியின் அருகே அமர்த்தப்பட்ட சிறுவனுக்குப் பெட்டியடிப் பையன் என்பது பெயர். பதின்வயது நிரம்புமுன்னரே கப்பலேறிய பிள்ளைகளும் உண்டு. கூடத்தைப் பெருக்குதல், குடிநீர் கொணர்தல், மைக்கூடு நிரப்புதல், அஞ்சலகத்திற்கு ஓடுதல், தவணை கேட்டுக் கடன்காரர் வீட்டுக்கு நடத்தல் ஆகியன அவனுடைய முதற்பாடங்கள். அவற்றைப் பாடங்கள் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. கடன் கேட்டு வந்தவர் எவ்வாறு பேசினார், எந்த இடத்தில் தயங்கினார், மேலாள் எதைக் கேட்டார், எதைக் கேளாமல் விட்டார் என்பனவெல்லாம் அவன் செவியில் விழுந்துகொண்டே இருந்தன. தவணைக்குச் சென்றபோது கடன்காரர் கடையில் சரக்கு நிறைந்திருந்ததா, அலமாரி காலியாக இருந்ததா என்பதை அவன் கண்டு வந்து சொல்ல வேண்டும். இக்காலத்தார் கடன் தகுதி ஆய்வு என்று பெயரிட்டுப் பாடமாக்கியிருப்பதன் கரு இதுவே.

அவன் கையில் ஒரு கருவி முன்னரே இருந்தது. அது ஊர்த் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி வாயிலாக மனப்பாடம் செய்த சிற்றிலக்கம். கால், அரை, முக்கால் என்பன இன்றும் வழக்கில் உள்ளன. அரைக்கால் எட்டில் ஒன்று; மாகாணி பதினாறில் ஒன்று; மா இருபதில் ஒன்று; காணி எண்பதில் ஒன்று; முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. இவற்றைக் கூட்டவும் பெருக்கவும் ஏடும் எழுத்தாணியும் வேண்டாத அளவுக்குப் பிள்ளைகள் பயின்றனர். எடுத்துக்காட்டாக, 2,400 வெள்ளிக்கு நூற்றுக்கு மாதம் முக்கால் வட்டி வீதம் இரண்டு மாதம் பத்து நாளுக்கு வட்டி யாது? நூறு இருபத்துநான்கு, இருபத்துநான்கு முக்கால் பதினெட்டு, இரு மாதத்திற்கு முப்பத்தாறு, பத்து நாள் மாதத்தில் மூன்றிலொன்று, ஆறு, ஆக நாற்பத்திரண்டு வெள்ளி. வந்தவர் வெற்றிலையை மடித்து வாயிலிடுமுன் விடை வந்துவிடும். வகுப்பறையில் பின்னத்தைக் கண்டு அஞ்சும் மாணவனுக்கு இந்த வாய்பாட்டை ஒருமுறையேனும் சொல்லிக்காட்டலாம். பின்னம் என்பது தமிழில் ஒருகாலத்தில் வாயால் பாடப்பட்ட பொருள்.

அடுத்துக் கற்க வேண்டியது கணக்கெழுத்து. அன்றாட வரவு செலவு முதலில் சிட்டையில் விழும். பின்னர்க் குறிப்பில் ஏறும். அதிலிருந்து ஆளுக்கோர் ஏடாகப் பேரேட்டில் பகுக்கப்படும். பற்றும் வரவும் நேராகி ஐந்தொகை போட்டு முடித்தால்தான் கணக்கு நின்றதாகப் பொருள். அதன் படி, கப்பல் அஞ்சலில் காரைக்குடிக்கோ தேவகோட்டைக்கோ இருக்கும் முதலாளிக்குச் செல்லும். ஆயிரம் கல் தொலைவிலிருந்த முதலாளி அந்தத் தாள்களைக் கொண்டே தம் ஏஜண்டை மதிப்பிட்டார். ஈண்டு ஒன்று குறிப்பிடத்தக்கது. சிட்டை, குறிப்பு, பேரேடு, ஐந்தொகை, பற்று, வரவு, நடப்பு வட்டி, தவணை, உண்டியல், மகமை என்று ஒரு தொழிலுக்கு வேண்டிய சொற்களையெல்லாம் தமிழிலேயே வைத்திருந்தவர் இவ்வணிகர். பிற்காலத்தில் கணக்குப்பதிவியல் பாடநூல் எழுதியோர் இவற்றுட் சிலவற்றைக் கைவிட்டு ஆங்கிலத்திலிருந்து புதிதாக மொழிபெயர்த்துக்கொண்டனர். வீட்டில் கிணறு இருக்கத் தண்ணீருக்கு அயலூர் சென்ற செயல் அது.

பெட்டியடிப் பையன் தேறினால் அடுத்தாள் ஆவான். அடுத்தாளாக இருந்து தேறியவர் மேலாள், அதாவது ஏஜண்டு ஆவார். முதலாளியின் பெயரில் கடன் கொடுக்கவும் வழக்காடவும் அதிகாரப் பத்திரம் பெற்று அவர் வருவார். பொதுவாக மூன்றாண்டு ஒரு கணக்கு. அது முடிந்ததும் பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்து ஊர் திரும்புவார். சம்பளத்துடன் இலாபத்தில் ஒரு பங்கும் உண்டு. அப்பங்கைச் சேர்த்துத் தாமே முதலாளியானவர் பலர். மனைவி மக்களைப் பிரிந்து கழித்த ஆண்டுகளின் விலை அந்த ஐந்தொகையில் எந்தப் பக்கத்திலும் ஏறவில்லை.

தமிழில் நாணயம் என்ற சொல்லுக்குக் காசு என்பதும் நேர்மை என்பதும் பொருள். அக்காலச் சான்றிதழ் இந்த இரண்டாம் பொருளே. விலாசம் என்று வழங்கிய நிறுவன எழுத்துகள் உண்டியலில் இருந்தால் கொழும்பிலும் இரங்கூனிலும் பினாங்கிலும் பணம் கிடைத்தது. வட்டி வீதத்தையும் அவர்கள் கோயிலில் கூடியே முடிவு செய்தனர். பேச்சுத் தவறியவன் அடுத்த நாள் அதே கோயிலில் அதே முகங்களைக் காண வேண்டியிருந்தது.

விழா மேடைகளில் இவ்வமைப்பைப் புகழ்வோர் பலர். புகழ்ச்சியில் பெரும்பகுதி தகும். ஆயின் அந்தப் பெட்டியருகே அமர எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம் கிடைத்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். யாருடைய மகன், எந்த நகரக்கோயிலைச் சேர்ந்தவன் என்ற வினாவுக்கு விடை சொல்லத் தெரிந்த பிள்ளைக்கே அவ்விடம் கிடைத்தது. ஆச்சிமார் தங்கள் சீர்ப்பணத்தை வட்டிக்கு விட்டுக் கணக்குப் பார்ப்பதில் வல்லவராயினும், கப்பலேறிப் பெட்டியில் அமர்ந்த பெண் ஒருவரும் இலர். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தமிழனின் மகன் எத்துணைக் கணக்கறிவு உடையவனாயினும் செட்டித் தெருவில் அவனுக்கு ஏவல் வேலைக்கு மேல் கிடைப்பது அரிது. நகரத்தார் அல்லாத தமிழரும் வட்டிக்கடை நடத்தியதுண்டு. சிங்கம்புணரியில் பிறந்த ப. சிங்காரம் 1938இல் இந்தோனேசியாவின் மெடான் நகருக்குச் சென்று வேலைக்கு அமர்ந்தது அத்தகைய கடையொன்றில்தான். அந்தப் பெட்டியடி வாழ்வு பின்னர் ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ என்னும் இரு புதினங்களில் நின்று நிலைத்தது. ஆனால் அங்கும் ஊரும் உறவும் தெரிந்தவர் வழியேதான் கதவு திறந்தது.

இக்கல்விக்கு இன்னொரு குறையும் உண்டு. ஆளை அறிவதில் அது நிகரற்றது; உலகை அறிவதில் அது போதவில்லை. 1930ஆம் ஆண்டை ஒட்டி உலகெங்கும் விளைபொருள் விலை சரிந்தபோது, பர்மாவில் நெல் விலை வீழ்ந்து உழவர் கடனைக் கட்ட இயலாராயினர். ஈடு வைத்த நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. கீழ்ப்பர்மாவின் பதின்மூன்று முதன்மை நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலவுடைமை 1938இல் சுமார் 25 விழுக்காடாயிற்று. பணத்தைத் தேடிச் சென்றவர் கையில் வேண்டாத நிலமும், அந்நிலத்தை இழந்தோரின் பகையும் சேர்ந்தன. கடன்காரரின் முகத்தைப் படிக்கத் தெரிந்த மேலாளுக்கு, சிகாகோவிலும் லண்டனிலும் உருவான விலைச்சரிவைப் படிக்கும் வழி இல்லை.

சிங்கப்பூரில் இடி வேறு வடிவில் விழுந்தது. 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியில், மக்கள் வாழைமர நோட்டு என்று அழைத்த நாணயம் நாளுக்கு நாள் மதிப்பிழந்தது. போருக்கு முன் நல்ல வெள்ளியில் வாங்கிய கடனை அந்த நோட்டில் அடைத்தவர் பலர். வாங்க மறுக்கவும் இயலாது. வாங்கியதை வைத்துக்கொள்ளவும் பயனில்லை. இதனால் எழுந்த வழக்குகளைத் தீர்க்க 1948இல் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. அதற்கு முன்னரே, 1930களின் நடுவில் வந்த வட்டிக்கடைச் சட்டம் தொழிலை வரையறைக்குள் கொணர்ந்திருந்தது. 1953இல் நடப்புக்கு வந்த குடிநுழைவுச் சட்டமோ, மூன்றாண்டுக்கொரு முறை ஆள் மாறும் முறையின் அடியையே அசைத்தது. புதிய பெட்டியடிப் பையன் வருவது அருகியது. 1970களில் நடந்த நகரச் சீரமைப்பில் கிட்டங்கிகளும் இடிந்தன.

அந்நாளில் நடுவயதில் இருந்த அடுத்தாளின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பல்லாயிரம் வெள்ளிப் பேரேட்டை ஒரு காசு பிசகாமல் நிறுத்தக்கூடியவர் அவர். அதை உறுதி செய்யும் துண்டுத் தாள்கூட அவரிடம் இல்லை. வங்கிகளோ ஆங்கிலத்தையும் பள்ளிச் சான்றிதழையும் கேட்டன. அவருடைய தேர்வாளர், காரைக்குடியில் கண்மூடிவிட்ட முதலாளி ஒருவரே. தொழில் தெரிந்தவருக்குத் தாள் இல்லாத இந்த அவலமே, செட்டிநாட்டுப் பெற்றோரைத் தம் மக்களைக் கல்லூரிக்கு அனுப்பத் தூண்டிய காரணங்களுள் வலுவானது எனலாம்.

கல்லூரிக்குச் சென்றோர் எல்லாரும் வணிகவியல் படித்தாரல்லர். கோட்டையூரில் 1909இல் பிறந்த இராம. அழகப்பச் செட்டியார் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துப் பெற்றது ஆங்கில இலக்கிய முதுகலைப் பட்டம். பின்னர் லண்டனில் பாரிஸ்டர் படிப்பை முடித்தார். இலக்கியமும் சட்டமும் கற்ற அவர், அந்நகரின் சார்ட்டர்ட் வங்கியில் பயிற்சியாளராக அமர்ந்தார். வாணிகக் குடும்பத்துப் பிள்ளைக்கு வங்கிப் பயிற்சி எதற்கு என்று ஊரார் வியந்திருக்கலாம். ஊர்ப்பெட்டியடியில் கிடைக்காத ஒன்றை அவர் அங்கே தேடினார் என்றே கொள்ளத் தோன்றுகிறது. ஈட்டிய செல்வத்தில் பெரும்பகுதியை அவர் 1947 முதல் காரைக்குடியில் கல்லூரிகளாக மாற்றியதைத் தமிழ்நாடு அறியும். சென்னை இந்தியன் வங்கியின் தோற்றமும் இத்தகையதே. 1906இல் ஆர்புத்நாட்டு நிறுவனம் முறிந்து பலர் சேமிப்பு அழிந்தபின், 1907இல் அவ்வங்கி எழ முன்னின்றவர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர். நம்பிக்கை குலைந்த ஊரில் பணத்தை யாரிடம் ஒப்படைப்பது என்ற வினாவுக்குச் சட்டம் அறிந்தவர் விடை தந்தார். நகரத்தார் முதல் தந்து துணை நின்றனர்.

மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தோற்றுவித்தபோது காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே நாளில் கதவு திறந்தது. கிட்டங்கியின் உண்டியல் வழித்தடத்திலேயே வங்கியும் நடந்தது. சிங்கப்பூரிலும் கிளை கண்டது. ஆனால் வங்கியின் மேசைக்குப் பின்னால் அமர விலாசமும் நகரக்கோயிலும் தேவையில்லை. இம்மாற்றம் சிறிதன்று. 1954 மார்ச் 13 அன்று காலாங் விமான நிலையத்தில் நேர்ந்த விமான விபத்தில் அவர் மறைந்தார். செட்டித் தெருவிலிருந்து சில கல் தொலைவிலேயே அவ்வாழ்வு முடிந்தது.

விடுதலை பெற்ற சிங்கப்பூரில் இவ்வினாவுக்கு மிகத் தெளிவான விடையாக அமைந்தவர் ஜே. ஒய். பிள்ளை. கிள்ளானில் 1934இல் பிறந்த அவர், லண்டன் இம்பீரியல் கல்லூரியில் 1956இல் பொறியியற் பட்டம் பெற்றார். 1961இல் சிங்கப்பூர் நிதியமைச்சில் பணிக்குச் சேர்ந்தார். புதிய நாடு, அனுபவமுள்ள ஆள் குறைவு, பணி மிகுதி. அத்தகைய அலுவலகத்தில் இளையோருக்குப் பெரிய கோப்புகள் விரைவில் வந்து சேர்வது இயல்பு. 1972இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தனி நிறுவனமாகத் தோன்றிய நாள்முதல் 1996 வரை அதன் தலைவராக அவர் இருந்தார். விமானம் வாங்குதல் பொறியியல் போலத் தோன்றினும், பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே பெருந்தொகையைக் கட்டிவைத்து எந்த ஆண்டில் எவ்வளவு வரவு வரும் என்று கணிக்கும் நிதிக்கலை அதனுள் அடங்கியுள்ளது.

1985இல் அவர் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் நிர்வாக இயக்குநரானார். அவ்வாண்டின் இறுதியிலேயே சோதனை வந்தது. பான்-எலக்ட்ரிக் என்னும் நிறுவனம் கடனில் மூழ்கியது. அதன் பங்குகளைப் பின்னாளில் வாங்குவதாக முன்னரே ஒப்புக்கொண்டிருந்த தரகு நிறுவனங்களும் உடன் ஆட்டம் கண்டன. டிசம்பர்த் தொடக்கத்தில் சிங்கப்பூர், கோலாலம்பூர் பங்குச் சந்தைகள் மூன்று நாள் மூடப்பட்டன. ஒருவர் வாக்கை மற்றொருவர் நம்பி, அந்நம்பிக்கையை மூன்றாமவர் ஈடாகக் கொண்டு கட்டிய கோபுரம் அது. கிட்டங்கி மேலாள் ஒருவருக்கு அதன் வடிவம் புதிதாகத் தோன்றியிராது. பின்னர்ச் சந்தை விதிகள் இறுக்கப்பட்டன. 1989 வரை அப்பொறுப்பில் இருந்த பிள்ளை, 1999இல் உருவான சிங்கப்பூர்ப் பங்குச் சந்தை நிறுவனத்திற்கு 2010 வரை தலைவராகவும் விளங்கினார். நாட்டின் பணப்பெட்டகத்தின் சாவியை ஏந்திய அவருடைய பட்டத்தில் நிதியியல் என்ற சொல் இல்லை.

ஒருவரைக் காட்டி எல்லார்க்கும் வழி உண்டு என்று சொல்வது பிழையாகும். முதல் வகுப்பில் தேறியவர் அவர். நாடு ஆளைத் தேடிய காலமும் அது. எனினும் பொறியியல் கற்ற ஒருவரை நிதியமைச்சு ஏற்றுப் பழக்கியது என்பது கருதத்தக்கது. எந்த நகரக்கோயில் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. குலம் திறந்த கதவை அரசுப்பணி என்னும் பொது அமைப்பு திறந்தது.

அந்தப் பொதுக்கதவுக்கு இன்று படிகள் பல. வங்கிப் பணியாளருக்குப் பயிற்சியும் தரநிலையும் வகுக்க 1974இல் வங்கி, நிதித்துறைக் கழகம் நிறுவப்பட்டது. 2015இல் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் இயக்கமும், வேறு துறையினரைச் சம்பளத்துடன் பழக்கி எடுக்கும் தொழில் மாற்றுத் திட்டங்களும் நடுவயதினரையும் கருதியவை. 1970களின் அடுத்தாளுக்கு இவற்றுள் ஒன்றேனும் வாய்த்திருக்குமாயின் அவர் கதை வேறாக இருந்திருக்கும். இந்நாளில் இதற்கு நேர்மாறான குறையும் காணப்படுகிறது. சான்றிதழ் மேல் சான்றிதழ் சேர்த்துவிட்டு, ஒரு நிறுவனத்தின் ஐந்தொகையை முன்வைத்தால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் திகைக்கும் பட்டதாரிகள் உளர். தாள் இல்லாத தொழிலறிவும் தொழிலறிவு இல்லாத தாளும் ஒரே நகரில் ஐம்பதாண்டு இடைவெளியில் தோன்றின.

நகரின் வடகிழக்கு முனையான பொங்கோலில் அண்மையில் எழுந்துள்ள கல்விக்கூடம் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. 1970களில் செட்டித் தெருக் கிட்டங்கிகள் இடிந்துகொண்டிருந்தபோது பொங்கோல் பன்றிப் பண்ணைகளும் மீன்பிடித் துறையுமாக இருந்தது. 1996இல் புதுநகர்த் திட்டம் அறிவிக்கப்பட்டு, இன்று மின்னிலக்க வட்டாரம் ஒன்று அங்கே உருவாகியுள்ளது. அதனுள் சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகம் 2024இல் தன் புதிய வளாகத்தில் இயங்கத் தொடங்கியது. கணக்கியலும் கணினியியலும் அங்குக் கற்பிக்கப்படுகின்றன. அதன் பாடத்திட்டத்தில் கட்டாயமான பகுதி ஒன்று உண்டு. மாணவர் பல மாதங்கள் ஒரு நிறுவனத்தில் அமர்ந்து, அந்நிறுவனத்தின் உண்மையான வேலையைச் செய்தல் வேண்டும். வகுப்பறையில் ஐந்தொகையைக் கற்ற மாணவி, அம்மாதங்களில் அனுபவம் முதிர்ந்த ஒருவரின் அருகே அமர்கிறாள். வாடிக்கையாளர் எங்கே தயங்கினார், மேலதிகாரி எதைக் கேட்டார், எதைக் கேளாமல் விட்டார் என்பன அவள் செவியில் விழுகின்றன. அவள் யாருடைய மகள் என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை.